பிரியாத செல்

என் பெயர் முகுந்தன். வயது இருபத்து மூன்று. சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கிறேன். போன வாரம் அங்கே ஆராய்ச்சி செய்யும் மைதிலி மேடம், இன்சுலின் சுரக்கும் செல்களை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். பெரியவர்களுடையவை தனித்தனியாகக் கிடந்தன. பச்சைக் குழந்தையுடையவை தவளை முட்டை போல இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தன. ஊரில் அக்கா மகன் கவினுக்கு நான்கு வயதிலேயே சர்க்கரை நோய்; தினமும் இன்சுலின் ஊசி. குழந்தைகளுக்கு இந்தச் செல் பெருகுமாம் என்று சந்தோஷத்தில் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

இன்று காலை அக்கா போனில் பேசினாள். “நீ சொன்னத நம்பி ரெண்டு நாளா ஊசி போடலடா. தானா வளந்துக்கும்ல? வாந்திதான் நிக்க மாட்டேங்குது.”

துடைப்பத்தோடு மேடத்திடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். “பொறந்த புதுசுலதான் வேகமாப் பெருகும். அப்புறம் செல்லுக்குள்ளயே பிரேக் விழுந்துடும். இவனுக்கு இருக்கிறதையும் உடம்பே அழிக்குது. ஊசி இல்லாம புள்ள தாங்காது, முகுந்தா.”

அதிலிருந்து பதினோரு முறை அழைத்துவிட்டேன். அக்கா எடுக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி எழுதிப் போடுகிறேன்: இதை முதலில் பார்ப்பவர் யாராக இருந்தாலும், கவினை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். ஊசியை நிறுத்தியதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். முகுந்தன் சொல்லித்தான் நிறுத்தினோம் என்று சொல்லுங்கள்.