புல்லட்டுக்குப் புது செயின்

“இன்னிக்கி அந்தப் பொண்ணை வெட்டிப் போடாம ஊட்டுக்குத் திரும்ப மாட்டேன்.”

கவரைப்பேட்டையில் குப்புராஜின் பட்டறை வாசலுக்குப் புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வரும்போதே துளசிராமன் இப்படித்தான் கத்திக்கொண்டு வந்தார். கும்மிடிப்பூண்டியில் அரிசி மில் முதலாளி. கூட வந்தவன் அவர் மனைவியின் தம்பி ஆதிகேசவன். கையில் சவுக்குக் கட்டை.

“செயின் கயண்டுகிச்சி, சீக்கிரம் பாருப்பா. பொன்னேரி ரிஜிஸ்டர் ஆபீசுல என் பொண்ணு திருட்டுக் கல்யாணம் பண்ணிக்கினு கீறா.”

“முறைமாமன் நான் ஒருத்தன் கீறசொல்ல, எவனோ பேக்டரி பிட்டரோட ஓடிட்டாப்பா,” என்றான் ஆதிகேசவன். முறைமாமனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. முதல் மனைவி போய் வருஷம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் இந்த உரிமை.

குப்புராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ, அந்த ரோட்டில் பட்டறை என்றால் அவனுடையதுதான். காலையில் ஒரு ஜோடியின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டி அனுப்பியிருந்தான். ஒட்டி முடிகிறவரை அந்தப் பெண் கும்மிடிப்பூண்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆபீஸ் தொறக்கசொல்ல பூடலாமாண்ணா?” என்று கேட்டாள். பாவமாக இருந்தது.

பழைய செயினை வாங்கிப் பார்த்தான். ஒரு கோளாறும் இல்லை. இரண்டு முனையையும் சேர்க்கிற குட்டி லாக்கைத்தான் காணோம். அதைப் போட ஒரு நிமிஷம் போதும். போட்டால் இவர்கள் இரண்டு பேரும் பொன்னேரியில் போய் நிற்பார்கள். எமர்ஜென்ஸிக்குப் பயந்து ஆபீசை நேரத்துக்குத் திறக்கிறார்களே தவிர, கையெழுத்தும் முத்திரையும் பழையபடி ஆடி அசைந்துதான் வரும்.

“செயின் பூரா தேஞ்சிடுச்சி மொதலாளி. புதுசுதான் போடணும்.”

“இவன் ஏமாத்தறான் மாமா.”

“மெக்கானிக்கு நீயா, அவனா? போடட்டும் உடு,” என்றார் துளசிராமன்.

குப்புராஜ் முதலில் எடுத்து வந்தது ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் செயின். கண்ணி பொடிசு, புல்லட்டின் பல்சக்கரத்தில் உட்காரவே மாட்டேன் என்றது. உட்காராது என்று தெரிந்துதானே எடுத்து வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு இன்னொன்று கொண்டுவந்தான். அது அகலம், ஆட்டம் போட்டது. மூன்றாவது சரியான செயின்தான், நீளம் மட்டும் அதிகம். அளந்தான். மறுபடி அளந்தான். அதிகப்படிக் கண்ணியின் ஆணியை வலிக்காமல் தட்டினான்.

“தொழில் தெரியாத பேமானி, ஜல்தியா செய்யேன்,” என்று துளசிராமன் குதித்தார்.

குப்புராஜ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். மில் இருந்து என்ன, மேல் மாடி காலி.

“மாமா, பஸ்ஸு வர்ற நேரந்தான். அதுல பூடலாம்,” என்றான் ஆதிகேசவன்.

“பஸ்ஸுல பொண்ணை எப்பிடிடா இஸ்துகினு வருவே? ஊரே வேடிக்கை பாக்கறதுக்கா?”

செயினை மாட்டி, லாக்கைச் செருகி, தொய்வையும் பார்த்தாயிற்று. இனி இழுத்தடிக்க ஒன்றும் இல்லை. கல்யாணம் முடிந்திருக்குமோ இல்லையோ என்று குப்புராஜ் பொன்னேரி ரோட்டைப் பார்த்தான்.

ஆதிகேசவன் எதிர்க்கடைக்குச் சோடா குடிக்கப் போனான். துளசிராமன் செயினைப் பார்ப்பவர் மாதிரி குப்புராஜ் பக்கத்தில் வந்து குந்தினார்.

“டைட்டா கீற மாதிரி கீதே. இன்னொரு தபா கயட்டி மாட்டேன்.”

“கரீட்டாத்தான் மொதலாளி கீது.”

அவர் குரல் அடியோடு இறங்கிவிட்டது. “கயட்டுப்பா, உனக்குப் புண்ணியமாப் போவும். காலையில அந்த லாக்கை உருவி உட்டதே நான்தான்.”

குப்புராஜ் ஸ்பானரைக் கீழே வைத்தான். “அப்ப, கல்யாணம் இன்னும் ஆவலியா?”

“எங்க ஆவறது? ஆபீசுல மூணு சாட்சி கேக்கறான். ரெண்டுதான் தேறிச்சாம். மூணாவது சாட்சி இப்ப வர்ற பஸ்ஸுலதான் போவுது.”

“யாரு மொதலாளி அது?”

“தோ, சோடா குடிக்கிறானே, அவன் அக்கா.”