குமிழியின் வேகம்

ஜூலை மாதம் ஒன்பதாம் நாள். காலை முதல் விட்டுவிட்டுப் பெய்த தூறல் மாலையில் ஒருவாறு ஓய்ந்து, சன்னல் கம்பிகளில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் வேகமா வரணும் அண்ணே!" என்று மீன்தொட்டி பொருத்த வந்தவரிடம் மனைவி கண்கள் பளபளக்கக் கூறியதைக் கேட்டபோது, கூடத்து வாயிலில் நின்றிருந்த கணவனுக்கு நெஞ்சில் முள் தைத்தாற்போலிருந்தது.

அவன் சரக்குக் கப்பலில் எந்திரப் பணி செய்பவன். குறைமாதத்தில் மகள் பிறந்தபோது நடுக்கடலில் இருந்தான். மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள்கள் கிடந்துவிட்டு அவள் கண்மூடியபோதும் நடுக்கடலிலேயே இருந்தான். கைப்பேசிக்கு வந்த ஒரே படத்திலும், அந்தப் பிஞ்சு முகத்தைக் குழாய்களும் ஒட்டுப் பட்டைகளுமே மறைத்திருந்தன.

வீடு திரும்பிய நாள்முதல் அவன் மனைவியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பாப்பா எப்படி இருந்தா?"

"எனக்குச் சொல்லத் தெரியலைங்க" என்பதற்குமேல் அவள் வாய் திறந்தாளில்லை. நாளை விடிந்ததும் அவன் மறுபடி கப்பலேற வேண்டும். இந்நிலையில்தான் அவள் ஒரு சிறிய மீன்தொட்டியை வாங்கிக் கூடத்தில் வைத்திருந்தாள்.

தொட்டியின் பக்கத்தில், பால்புட்டி அளவே இருந்த ஓர் உருளையைப் பொருத்திக்கொண்டிருந்தார் மீன்தொட்டிக்காரர். நீருக்குள் வளரும் செடிகளுக்கு உணவாகும் கரியமில வாயு அதனுள் அடைபட்டிருந்தது. மெல்லிய குழாய் வழியே வந்த அவ்வாயு, நீர் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குப்பியினுள் குமிழி குமிழியாய் மேலெழுந்தது.

"இது சோடாவுல இருக்கிற அதே காத்துதான் தம்பி. ஏப்பம் வரலைன்னா சொல்லுங்க, ஒரு கிளாஸ் போட்டுத் தர்றேன்" என்று அவர் கணவனைப் பார்த்துச் சிரித்தார். கணவன் சிரிக்கவில்லை.

"ஆறு மணிக்குள்ள முடிஞ்சிடுமா அண்ணே?" என்றாள் மனைவி.

"முடிஞ்ச மாதிரிதான். ஆனா தங்கச்சி, ஒரு செடிகூட நடலையே! இந்தக் காத்தைக் குடிக்க ஆள் வேணாமா? இந்த வேகத்துல விட்டா மீனுக்கும் மூச்சு முட்டிப் போயிடும்."

"மீன் விடப் போறதில்லைண்ணே."

அவள் ஒரு கையைத் தன் மார்பின்மீது வைத்துக்கொண்டு, மறுகையால் உருளையின் வாயுத் திருகை மயிரிழை மயிரிழையாய்த் திருப்பினாள். குமிழிகள் விரைந்தன, பின்பு சற்றே தளர்ந்தன. "ம்... இதேதான்" என்று முணுமுணுத்தாள்.

மீன்தொட்டிக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கியதும் கணவன் வெடித்தான்.

"ரெண்டு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள உனக்குத் தொட்டி கேக்குதா? மீன் இல்லை, செடி இல்லை, வெறும் தண்ணியில வேடிக்கை! பெத்த நீயே மறந்துட்டா, முகத்தைக்கூடப் பார்க்காத நான் யாரை நினைச்சு அழறது?"

அவள் நாற்காலியைத் தொட்டியருகே இழுத்துப் போட்டாள். "கொஞ்ச நேரம் உக்காருங்க. பேச வேணாம். பார்த்தா போதும்."

வேண்டாவெறுப்பாய் அமர்ந்தான். குப்பியினுள் ஒரு குமிழி பிறந்தது, தத்தளித்து மேலேறியது, உடைந்தது. அதன் பின்னாலேயே மற்றொன்று. சிறியவை, அவசரமானவை, எனினும் ஒன்றேனும் தவறவில்லை. பார்க்கப் பார்க்க அவனுடைய சினம் ஆறிற்று. அடுத்த குமிழி வந்துவிட வேண்டுமே என்று ஒவ்வொரு முறையும் தன் மனம் தவிப்பதை உணர்ந்து அவனே வியந்தான்.

மனைவி மட்டும் குப்பியையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறிமாறி நோக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நீட்டித் திருகை மூடினாள்.

கடைசிக் குமிழி மேலேறி உடைந்தது. அவன் அடுத்ததற்காகக் காத்திருந்தான். வரவில்லை.

"ஏம்மா மூடிட்டே?" என்று பதறினான். "நல்லாத்தானே வந்துட்டிருந்துது!"

அவள் அவன் தோளில் முகம் புதைத்தாள்.

"நம்ம பாப்பாவும் இப்படித்தாங்க மூச்சு விட்டுட்டிருந்தா... சரியா ஆறு பத்து வரைக்கும்."