தோசிக் வரைந்த ஆறு

ஆறு வரையச் சொன்னால் கன்னங்கரேலென்று பூசி வைக்கிற மனுஷனை யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்?

தோசிக் சியோல் நகரத்தில் முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். குடிகாரப் பயணி ஒருத்தன் அவர் கன்னத்தில் அறைந்த நாளிலிருந்து கம்பெனி அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டது. மனநல ஆலோசகர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி ஸ்டியரிங்.

ஆலோசகர் ஹேரிமுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். ஆறு ஒன்று வரையச் சொன்னவளுக்கு, அவர் பூசிக் கொடுத்த படத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"மனசு ரொம்ப இருட்டா இருக்கோ, ஐயா?"

"மனசு நல்லாத்தாம்மா இருக்கு. எங்க ஊர் ஆறுதான் கறுப்பு."

"உங்களுக்கு அப்படித் தோணுது, இல்லையா?" என்றபடி எதையோ எழுதிக்கொண்டாள்.

அந்த 'தோணுது'தான் அவரைச் சுட்டது. அவர் பிறந்தது மலைமேல் ஒரு சுரங்க ஊர். நிலக்கரி கழுவிவிட்ட தண்ணீர்தான் அங்கே ஆறு. பள்ளிக்கூடத்தில் ஆறு வரையும்போது கறுப்பு கிரேயான்தான் முதலில் தீரும். அம்மா துவைத்துப் போட்ட சட்டை காய்வதற்குள் சாம்பல் பூத்துவிடும். பன்றிக்கொழுப்பு தொண்டையில் அப்பிய சுரங்கத் தூசைக் கழுவிவிடும் என்று அப்பா சம்பள நாளில் பன்றிக்கறி சுடுவார். கரி அப்பிய முகத்தில் பல் மட்டும் சிரிக்கும். எப்பேர்ப்பட்ட நாட்கள்! அதைப் போய் வியாதி என்று எழுதிக்கொண்டாளே!

ஆதாரத்தோடு வருகிறேன் பார் என்று ஊருக்கு ரயில் ஏறினார். போனால், சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதே, கூழாங்கல் தெரிய ஓடுகிறது ஆறு. மீன் வேறு துள்ளுகிறது. பழைய போட்டோ ஒன்று அகப்பட்டது. அதுவும் கறுப்பு வெள்ளை. அதில் எந்த ஆறுதான் கறுப்பாகத் தெரியாது?

அடுத்த வாரம் தொங்கிய முகத்தோடு போய் உட்கார்ந்தார். அவர் வாய் திறப்பதற்குள் ஹேரிமே எழுந்து தலைகுனிந்தாள். அந்த ஊர்க்காரர்கள் நாலு பேரைத் தேடிப்பிடித்து விசாரித்தாளாம்.

"நீங்க சொன்னது நிஜம், ஐயா. சரியா கேக்காமலே நான் முடிவு பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க."

கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தன் பேச்சை ஒருத்தி நம்பிவிட்டாள், அது போதும்.

"அது சரி, வகுப்புல எல்லாருமே ஆத்துக்குக் கறுப்புதான் பூசுவீங்களாமே, ஒருத்தர்கூடவா நீலம் பூசலை?" என்று சிரித்தபடி கேட்டாள்.

"ஒரு பொண்ணு பூசினா. கடலோர ஊர்லேருந்து புதுசா வந்தவ. தண்ணி நீலமாத்தான் இருக்கும்னு அழுது அழுது சொன்னா."

"அப்புறம்?"

தோசிக் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"புளுகுணின்னு எல்லாரும் சிரிச்சோம். படத்தைப் பிடுங்கிக் கிழிச்சது நான்தாம்மா."