பக்கத்துக் கேரவன்

சம்பத் பக்கத்துக் கேரவனைப் பார்த்து எச்சில் துப்பினான்.

“இந்த வண்டி வந்த நாளா நமக்கு சனி புடிச்சிக்கினு கீது மச்சான்,” என்றான்.

பூபாலன் தங்கள் கேரவனின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெனரேட்டர் முன்னால் குத்துக்காலிட்டிருந்தான். இன்ஜின் சத்தம் ஏறியது, தணிந்தது, மறுபடி ஏறியது. வண்டிக்குள் விளக்குகளும் அதோடு சேர்ந்து மங்கி மங்கி எரிந்தன.

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தோட்ட பங்களாவில் படப்பிடிப்பு. காலையில் மேக்கப் போட உட்கார்ந்த கதாநாயகி, விளக்கு ஆடுகிறது என்று எழுந்து பக்கத்துக் கேரவனுக்குப் போய்விட்டார். போனவர் திரும்பவில்லை.

புரொடக்‌ஷன் மேனேஜர் பரந்தாமன் வந்து நின்றார்.

“பூபாலன், அடுத்த ஷெட்யூலுக்கு உங்க வண்டி வேணாம்னு சொல்லிட்டாங்க. அந்தப் புது வண்டியப் பாருங்க. ஜெனரேட்டர் ஓடுறதே தெரியல, அவ்ளோ சைலண்ட்.”

“சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுறேன் சார்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க,” என்றபடி அவர் நடந்தார்.

பூபாலனும் சம்பத்தும் பாடியில் ஒரே தொழிற்சாலையில், ஒரே ஷிஃப்டில் இருந்தவர்கள். அதை மூடியபோது கைக்கு வந்த பணத்தை இருவரும் இந்த வண்டியில் போட்டார்கள். கோவில்பதாகையில் பூபாலன் வீட்டு வாசலில்தான் வண்டிக்குக் கூடு கட்டினார்கள். வெல்டிங் முழுக்க பூபாலன். உள்ளே தொங்கும் திரைகள் அவன் மனைவி யுவராணி தைத்தவை. வண்டியைப் பதிவு செய்யப் போகவேண்டிய அன்று அவளுக்குக் கடும் காய்ச்சல். “உன் பேர்லயே பண்ணிடு மச்சான், யார் பேர்ல இருந்தா இன்னா,” என்று பூபாலன்தான் சம்பத்தை அனுப்பிவைத்தான்.

“நீ மனச வுடாத,” என்று சம்பத் அவன் தோளை அழுத்தினான். “நா போயி பரந்தாமன் சாராண்ட பேசிப் பாக்குறேன். கால்ல வுழுந்தாவது கேக்குறேன்.”

அவன் போவதைப் பூபாலன் பார்த்துக்கொண்டிருந்தான். இவனும் இல்லையென்றால் தன் கதி என்ன?

மறுபடி ஜெனரேட்டர் பக்கம் திரும்பினான். டீசல் ஃபில்டரை மாற்றியாகிவிட்டது. குழாயில் காற்று புகுந்திருக்குமோ என்று கிளிப்புகளை இறுக்கியும் பார்த்துவிட்டான். ‘புது வண்டிக்காரன் எதையாவது கலந்திருப்பான்’ என்று சம்பத் சொன்னதை நம்பி டேங்கையே இறக்கிக் கழுவினான். வீட்டு வாசலில் ஓட்டினால் ஒழுங்காக ஓடியது. படப்பிடிப்புக்கு வந்தால்தான் இந்த இழுப்பு.

கடைசியாக ஒன்று தோன்றியது. வண்டிக்குள் போய் ஏசி, விளக்கு, எல்லாவற்றுக்குமான மெயின் சுவிட்சை அணைத்தான். இப்போது ஜெனரேட்டருக்கு எந்தச் சுமையும் இல்லை. சும்மா ஓடவேண்டியதுதான்.

அப்போதும் அது ஏறியது, தணிந்தது, முக்கி முனகியது.

“லோடே இல்லாம எதுக்கு முக்குற?” என்று அதனிடமே கேட்டான்.

மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். ஜெனரேட்டருக்குப் பின்பக்கம், கை எளிதில் எட்டாத இடத்திலிருந்து ஒரு கறுப்பு கேபிள் இறங்கியது. படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் கேபிளுக்குப் பஞ்சமில்லை. கிடப்பதில் ஒன்று என்றுதான் இத்தனை நாள் தாண்டிப் போயிருக்கிறான். இப்போது அதைப் பிடித்துக்கொண்டே போனான். மேலே சாக்கு போட்டு மூடியிருந்தது. சாக்கை விலக்க விலக்க, கேபிள் நேராகப் பக்கத்துக் கேரவனுக்குள் போனது.

ஜெனரேட்டரை நிறுத்தினான். கேபிளைக் கழற்றி வீசிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தான். சத்தம் ஒரே சீராக எழுந்தது. வாங்கிய புதிதில் ஓடியதுபோல ஓடியது.

பக்கத்து வண்டியில் ஏசி நின்றிருந்தது. அதன் டிரைவர் மதுரைவீரன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். பூபாலன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

“யார கேட்டுடா என் ஜெனரேட்டர்ல ஒயர் மாட்டுன? எங்க பொழப்பையே கெடுத்துட்டியேடா.”

மதுரைவீரன் கோபப்படவில்லை. குழப்பத்தோடு அந்தக் கையை விலக்கினான்.

“இன்னாத்துக்கு அண்ணாத்தே டென்சன் ஆவுற? இதுல இன்னும் ஜெனரேட்டரே மாட்டல. வர்ற வரிக்கும் லைட்டுக்கு பேட்டரி, ஏசிக்கு அந்த வண்டி ஜெனரேட்டர்லேந்து இஸ்துக்கோன்னு ஓனரே கூட இருந்து மாட்டிக் குடுத்தாரு.”

“எந்த ஓனரு?”

மதுரைவீரன் பங்களா பக்கம் கையைக் காட்டினான். மாமரத்து நிழலில் பரந்தாமனோடு உட்கார்ந்து சம்பத் டீ குடித்துக்கொண்டிருந்தான். எதற்கோ இருவரும் சிரித்தார்கள்.

பூபாலன் பின்னால் நகர்ந்து தன் வண்டியோரம் வந்து நின்றான்.

“இது… இந்த வண்டி எங்க ரெண்டு பேருதுபா,” என்றான், தன் கேரவனைத் தொட்டபடி.

மதுரைவீரன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“ரெண்டுமே சம்பத் அண்ணனோடதுதான? நீ அவராண்ட சம்பளத்துக்கு கீற ஆளுன்னாரே.”