பிழியாத பீட்ரூட்

கழிப்பறைக்குள் போன புருஷன் இன்னும் வெளியே வரவில்லை.

அவள் அடுக்களையில் உட்கார்ந்து பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தாள்.

அவசரமில்லை. அடுப்பே பற்றவைக்க வேண்டாத பலகாரம் இது. பச்சை பீட்ரூட் துருவல், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், வறுத்த நிலக்கடலைப் பொடி, நாட்டுச்சர்க்கரை, கொஞ்சம் ஏலக்காய். பிசைந்து உருட்டினால் முடிந்தது. உடம்புக்கு நல்லது என்று கடையில் யாரோ சொல்லக் கேட்டு, அவனே ஆசைப்பட்டுச் செய்யச் சொன்னது. உடுமலை உழவர் சந்தையில் நல்ல கருஞ்சிவப்பாகப் பார்த்துப் பொறுக்கி வந்ததும் அவன்தான்.

ஒரே ஒரு சங்கதி. துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்து, சாற்றை எடுத்துவிட்டுத்தான் உருட்ட வேண்டும். இல்லாவிட்டால் கையோடு ஒட்டிக்கொண்டு வரும், உருண்டை நிற்காது.

நேற்றுச் செய்ததில், பக்கத்து வீட்டு மயிலாத்தாளுக்குக் கொடுத்ததெல்லாம் பிழிந்தது.

அவனுக்கு மட்டும் பிழியவில்லை.

சாற்றை அப்படியே விட்டு, அவலைப் பொடித்துக் கொட்டினாள். அவல் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. உருண்டையும் நின்றது.

பீட்ரூட் இவ்வளவு உள்ளே போனால் சிலருக்கு மறுநாள் சிவப்பாகத்தான் வெளியே போகும். வலியில்லை, கெடுதலில்லை. தெரிந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அவனுக்குத் தெரியாது.

கதவு திறந்தது.

பம்புசெட் மோட்டாரைத் தனி ஆளாகத் தூக்கி வைக்கிறவன். கால் நகம் பெயர்ந்தால் தெருவுக்கே சொல்லி அழுகிறவன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

என்னங்க ஆச்சு என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவனும் சொல்லவில்லை.

அவளுக்கு மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

போன வருஷம் இதே சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். ஐப்பசியில் தொடங்கிய உதிரப்போக்கு மாசி வரை நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சொன்னாள். பொம்பளைகளுக்கு இருக்கிறதுதானே என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டான். மறுபடியும் சொன்னாள். கடையை யார் பார்ப்பது என்றான்.

பழைய சேலையை மடித்து அடியில் போட்டுக்கொண்டு, அவள் தனியாக ஆட்டோவில் போனாள்.

கர்ப்பப்பையை எடுத்தார்கள். பழனியிலிருந்து தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவளிடம் எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று வரை கேட்கவில்லை.

அறுத்த இடம் எப்போதோ ஆறிவிட்டது. இதுதான் ஆறமாட்டேன் என்கிறது.

அவன் அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான். நேற்றைய டப்பாவைத் தன் பக்கம் இழுத்து ஒரு உருண்டையை வாயில் போட்டான். மென்று முடிக்குமுன் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

பிறகு புரிந்தது. பீட்ரூட் தின்றால் ரத்தம் ஊறும். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். போன ரத்தத்தை அவன் ஈடுகட்டிக்கொண்டிருந்தான்.

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகத் துருவினாள்.

மறுநாள் காலையில் உடைந்துவிட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றான். என்ன ஏது என்று சொல்லவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அவளும் சேலை மாற்றிக்கொண்டு வருவாள் என்று நினைத்தான் போலிருக்கிறது.

அவள் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஏறியவன், பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தான். அவள் ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டி கிளம்பிய பிறகும் அவன் வாசலையே பார்த்துக்கொண்டு போனான்.

என்ன சாப்பிட்டாய் என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். மத்தியானத்துக்குள் குட்டு உடைந்துவிடும்.

உடையட்டும். உடையத்தான் வேண்டும். யார் செய்தது என்று தெரியாமல் அவன் பயந்து என்ன பிரயோசனம்?

அன்று அவள் சோறு வடிக்கவில்லை. வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கத்துவான். கை ஓங்கினாலும் ஓங்குவான். எதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.

வெயில் ஏறிய பிறகு வந்தான்.

கத்தவில்லை. படிக்கட்டில் நின்றபடி அவளைப் பார்த்தான்.

"அது பீட்ரூட்டுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா புள்ள?"

"தெரியுமுங்க. வூட்டுக்கு அனுப்பறப்ப நர்ஸம்மா சொன்னாங்க. ரத்தம் ஊறோணும், பீட்ரூட் நெறையத் தின்னுங்க, செவப்பாப் போனாப் பயந்துக்காதீங்கன்னு." அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "எல்லாரோட வூட்டுக்காரங்களையும் பக்கத்துல உக்கார வெச்சுத்தானுங்க சொன்னாங்க."

அவன் தலை குனிந்தது.

உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை. அவன் படியிலேயே நின்றுகொண்டிருந்தான்.