மூலையில போய் நில்லு

சர்க்கரை மாத்திரை வாங்க வந்து, பாப்பிரெட்டிப்பட்டி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதவராஜ் வாத்தியார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில், காலில் கட்டோடு, சித்தேரி மலையிலிருந்து வந்திருந்த குள்ளன் என்பவர்.

"ஏம்ப்பா, புண்ணை வெச்சுக்கிட்டு இப்படி ஒட்டி உட்கார்ந்தா எப்படி? நாத்தம் தாங்கல. அந்த மூலையில போய் நில்லு."

குள்ளன் விந்தி விந்திப் போய் நின்றார்.

நர்ஸ் அம்பிகா வந்து, அவரை ஸ்டூலில் உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தாள். புண் இருந்த இடத்தைப் புதுத் தோல் மூடியிருந்தது.

"அஞ்சு மாசமா விடாம வந்தீங்க, சுத்தமா ஆறிடுச்சு. இனிமே கட்டு வேணாங்க."

அப்படியானால் இந்த நாற்றம்?

அம்பிகா வாத்தியாரிடம் வந்து குனிந்தாள். "சார், ஷூவைக் கழட்டுங்க."

சாக்ஸ் சீழில் ஊறியிருந்தது. ஷூவுக்குள் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது.

"வலிக்கவே இல்லையேம்மா..."

"சர்க்கரையில கால் மரத்துப் போயிருக்கு சார். இருங்க, மருந்து எடுத்துட்டு வரேன்."

வாத்தியார் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து, அதே மூலைக்குப் போய் நின்றார்.

குள்ளன் மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். "எனக்கும் இப்படித்தாங்க நாறுச்சு. வூட்லகூட யாரும் கிட்ட வரல. நீங்க வந்து இப்படி உட்காருங்க சார்."