நீலம் ஏறாத வரிசை

நாலு மணி வெயில் ஆய்வக மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதியில், அலுமினியத் தாளைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது உள்ளங்கை அகலத் தட்டு ஒன்று. அதில் தொண்ணூற்றாறு சிறு குழிகள். செல் இரண்டாகப் பிரியத் தயாராகும்போது பெருகும் ஒரு புரதத்தை அளக்கும் கிட் இது; பெட்டியில் இதுதான் கடைசித் தட்டு. புரதம் இருக்கும் குழிகளில் நீலம் ஏறும். வெறும் திரவம் மட்டும் விட்ட கடைசி வரிசையில் ஏறவே கூடாது. போன வாரம், மூன்று முறை அலசினால் போதும் என்று ஆராய்ச்சிக்காரி அவசரப்பட்டதில் அந்த வரிசையும் சேர்ந்து நீலமாகி, அத்தனையும் பாழ். இன்று ஐந்து முறை அலசியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் தட்டைக் கவிழ்த்து, டிஷ்யூவில் தட்டித் தட்டி, கையுறைக்குள் விரல்கள் ஊறிச் சுருங்கிவிட்டன. “மாமியார் வந்து பாக்கப்போற மாதிரியில்ல கழுவுன!” என்கிறாள் பக்கத்து மேசை அக்கா, குப்பிகளுக்கு லேபிள் ஒட்டியபடியே.

டைமர் கூவுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளைத் தூக்குகிறாள். ஒரு ஓரம் மைநீலம், நடுவில் வெளிர்நீலம். கடைசி வரிசையின் எட்டுக் குழிகள் மட்டும் அப்போதுதான் பிடித்த தண்ணீர் போலத் தெளிந்து நிற்கின்றன.

“அக்கா, வரலக்கா! ஒண்ணுமே வரல!” கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது.

வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மா நிமிர்ந்து பார்க்கிறார். “அதுக்குப் போயி அழுவாங்களாம்மா? இன்னிக்கு வரலன்னா நாளைக்கு வந்துட்டுப் போகுது.”